ஆறு மணி நேரத்து ஊர்: கப்பல் பயணிகளுக்குத் தொடுதிரை வரைபடம் செய்வது எப்படி?

விமானத்தில் வருகிறவர் ஓட்டலில் பெட்டியை வைத்துவிட்டு, நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று தூங்கப் போவார். உல்லாசக் கப்பலில் மொரீஷியஸ் தலைநகர் போர்ட் லூயிக்கு வருகிறவருக்கு அந்த நாளை பெரும்பாலும் கிடையாது. நாளை அவர் ரெயூனியனில் இருப்பார், அல்லது நடுக்கடலில். காலையில் இறங்கி மாலைக்குள் ஏறிவிட வேண்டும். கப்பல் நிறுவனமே ஏற்பாடு செய்த பேருந்தில் போனவர்கள் தாமதமானால் கப்பல் பொதுவாகக் காத்திருக்கும். தாமாகச் சுற்றப் போனவர்களுக்குக் காத்திருக்காது. துறைமுகத்தில் நிற்கும் தொடுதிரையைத் தேடி வருகிறவர்கள் இந்த இரண்டாவது வகை.

அவர் கேட்பது "அது எங்கே இருக்கிறது?" என்பது போலத் தோன்றும். மனசுக்குள் இருப்பது "அங்கே போய்விட்டுத் திரும்பிவிட முடியுமா?" என்பதுதான். முதல் கேள்விக்கு மட்டும் பதில் சொல்லும் வரைபடத்தை எந்தச் சுவரிலும் ஒட்டலாம், அதற்கு மின்சாரம் வேண்டாம். இரண்டாவது கேள்விக்குப் பதில் சொல்லத்தான் கணினி தேவைப்படுகிறது.

ரோஸ் ஹில்லில் இரண்டு பேர் வைத்து நடத்தும் சிறிய வடிவமைப்புக் கடை எங்களுடையது. இதுவரை நான்கு தொடுதிரைகள் செய்திருக்கிறோம். முதலாவதைப் பார்த்தால் இன்றைக்கும் எனக்குக் கூசும். இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் நான் பட்டதைப் படாமல் இருக்க, வேலை நடக்கும் வரிசையிலேயே எழுதுகிறேன்.

முதலில் சந்தைக்குப் போங்கள்

கணினியைத் திறக்க வேண்டாம். பயணிகளிடம் நேராகப் போய்க் கேட்கவும் வேண்டாம். "உங்களுக்கு என்ன வேண்டும்?" என்று கேட்டால் மரியாதைக்காக "அருங்காட்சியகம்" என்பார்கள். அவர்களிடம் தினமும் பேசுகிறவர்களைக் கேளுங்கள்: டாக்சிக்காரர், காவலாளி, கடைக்காரர்.

என் சின்னம்மா போர்ட் லூயி மத்தியச் சந்தையில் ஓலைப்பையும் துண்டும் விற்கிறாள். எங்கள் வீட்டில் அவளைத் தந்தீன் என்றுதான் கூப்பிடுவோம். பேச்சும் கிரியோலில்தான். தமிழில் எழுதினால் இப்படி இருக்கும்:

"வெள்ளைக்காரங்க உங்கிட்ட என்ன கேப்பாங்க, தந்தீன்?"

"முதல்ல கக்கூஸ் எங்கன்னு. அப்புறம் பணம் எங்க எடுக்கலாம்னு. அப்புறம் கப்பலுக்கு எந்தப் பக்கம் போகணும்னு. பை வாங்குறதெல்லாம் நாலாவது."

"கோயில், மியூசியம் எதுவும்?"

"அது கையில புத்தகத்தோட வர்றவங்க. அவங்க எங்கிட்ட கேக்க மாட்டாங்களே."

எங்கள் முதல் திரையில் கழிப்பறைக் குறியே இல்லை. நீல அஞ்சல்தலை இருக்கும் புளூ பென்னி அருங்காட்சியகத்துக்கு மட்டும் மூன்று பக்கம் எழுதியிருந்தோம். சந்தையில் அரை நாள் உட்கார்ந்து, கேட்கப்படும் கேள்விகளை ஒரு நோட்டில் கோடு போட்டு எண்ணுங்கள். அதிகக் கோடு விழுந்த ஐந்து கேள்விகள்தான் உங்கள் முகப்புத் திரை. மற்றவை உள்ளே போகட்டும்.

கடிகாரத்தை வரைந்த பிறகு வரைபடம்

இந்தக் கட்டுரையில் நீங்கள் நிதானமாகப் படிக்க வேண்டிய இடம் இது.

ஒவ்வொரு கப்பலுக்கும் இரண்டு நேரங்கள் உண்டு. ஒன்று புறப்படும் நேரம். மற்றது பயணிகள் எல்லாரும் ஏறியிருக்க வேண்டிய கடைசி நேரம். இது பெரும்பாலும் புறப்பாட்டுக்கு அரை மணி முன்னால் இருக்கும், சில சமயம் இன்னும் முன்னால். இறங்கும் வாசலில் பலகையில் எழுதி வைத்திருப்பார்கள். துறைமுகத்தின் கப்பல் பட்டியலில் இருப்பது முதல் நேரம், பயணிக்கு வேண்டியது இரண்டாவது. நாங்கள் பட்டியலைப் பார்த்து அப்படியே ஏற்றிவிட்டோம். ஒரு காவலாளி கவனித்துச் சொன்னதால் யாருக்கும் கப்பல் தவறவில்லை. அன்றிலிருந்து எங்கள் உள்ளீட்டுப் படிவத்தில் புறப்பாட்டு நேரத்துக்குப் பெட்டியே கிடையாது. கடைசி ஏறும் நேரம் மட்டும், அதுவும் இரண்டு பேர் பார்த்து ஒப்புக்கொண்டால்தான் திரைக்குப் போகும்.

அடுத்தது கப்பலின் நேரம். மொரீஷியஸ், ரெயூனியன், செஷல்ஸ் மூன்றும் கிரீன்விச்சுக்கு 4 மணி நேரம் முன்னால். மடகாஸ்கர் 3 மணி நேரம்தான். மடகாஸ்கரிலிருந்து வரும் கப்பல் தன் கடிகாரத்தை மாற்றிவிட்டதா, பழைய நேரத்திலேயே ஓடுகிறதா என்பது கப்பல் தலைவரின் முடிவு. பயணியின் கைக்கடிகாரம் கப்பலைப் பின்பற்றும், கைபேசி கரையிலிருக்கும் கோபுரத்தைப் பின்பற்றும். ஒரே ஆளிடம் இரண்டு நேரங்கள்! அதனால் திரையின் மேல் விளிம்பில் "இப்போது கப்பல் நேரம்" என்று எழுதி, அந்த நேரத்தைக் காட்டுங்கள். கரை நேரம் அதிலிருந்து வேறுபட்டால் மட்டும் பக்கத்தில் அதையும் சிறிதாகக் காட்டுங்கள்.

ஒரே நாளில் இரண்டு கப்பல் நின்றால், முதல் தொடுகையே "உங்கள் கப்பல் எது?" என்பதாக இருக்கட்டும். பெயரோடு கப்பலின் படத்தையும் வையுங்கள். பெயரை மறந்தவர்கூட புகைபோக்கியின் நிறத்தை மறந்திருக்க மாட்டார்.

இப்போது கணக்கு. கடைசி நேரத்திலிருந்து பின்னோக்கி வாருங்கள். 17:30-க்கு ஏற வேண்டும் என்றால், வாசல் சோதனை வரிசைக்கு 20 நிமிடம் கழியுங்கள். எதிர்பாராததற்கு 40 நிமிடம் கழியுங்கள். ஆக 16:30-க்கு அவர் துறைமுகத்தில் இருக்க வேண்டும். இப்போது மணி 13:10 என்று வைத்துக்கொள்வோம். கையில் இருப்பது 3 மணி 20 நிமிடம்.

பாம்ப்ளமூஸ் தாவரவியல் தோட்டம்: நெரிசல் இல்லாவிட்டால் டாக்சியில் அரை மணிக்குள் போய்விடலாம். அந்தப் பெரிய தட்டுத் தட்டான அல்லி இலைகளைப் பார்த்து, மர நிழலில் ஒன்றரை மணி நடந்துவிட்டு வந்தாலும் நேரம் மிஞ்சும். லெ மோர்ன் மலை: தீவின் தென்மேற்கு முனை, போக மட்டும் ஒரு மணி நேரத்துக்கு மேல். திரும்பும்போது அலுவலகம் விடும் நேரத்து நெரிசலில் தலைநகருக்குள் நுழைய வேண்டும். வேண்டாம். அதே மதியம் மெட்ரோவில் ரோஸ் ஹில் வரை போய், தால் பூரி சாப்பிட்டுவிட்டு வரலாம். ரயில் நெடுஞ்சாலையில் மாட்டிக்கொள்ளாது, எனவே அதன் பயண நேரத்தை நம்பிக் கணக்குப் போடலாம்.

இதை மூன்றே நிலைகளாகக் காட்டுங்கள்: "தாராளமாகப் போகலாம்", "போனால் நெருக்கடி", "இன்று வேண்டாம்". சொற்களாலும் காட்டுங்கள், குறியாலும் காட்டுங்கள். பச்சை, மஞ்சள், சிவப்பு மட்டும் வைத்துவிட்டுப் போகாதீர்கள். ஐரோப்பிய ஆண்களில் ஏறத்தாழ 12 பேரில் ஒருவருக்கு நிறக்குறைபாடு உண்டு, அதில் சிவப்பு–பச்சைக் குழப்பமே அதிகம். இங்கே இறங்குகிறவர்களில் பெரும்பகுதி ஐரோப்பியர்கள்.

இந்த நிலைகள் நிமிடத்துக்கு நிமிடம் மாற வேண்டும். தென்மேற்கு மலைக் கிராமமான சாமரேல், காலையில் தாராளமாக இருந்தாலும், 11 மணிக்கு நெருக்கடியாகி, 12-க்கு மேல் "வேண்டாம்" ஆகிவிடும். சுற்றுலாத் துறையைச் சேர்ந்தவர்களுக்கு இது பிடிக்காது, நல்ல இடத்தை மங்கலாக்குகிறீர்களே என்பார்கள். இந்த ஒரு விஷயத்தில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

அட்டையில் ஒரு திரை

பொருள் வாங்குவதற்கு முன்னால், திரையின் நிஜ அளவில் அட்டை வெட்டுங்கள். முகப்பைக் கையால் வரைந்து ஒட்டுங்கள். அதைச் சுவரில் சாய்த்து வைத்து, வீட்டுக்கு வருகிறவர்களிடம் "கப்பலுக்குத் திரும்பும் வழியைக் கண்டுபிடி" என்று சொல்லுங்கள். அவர்கள் விரல் வைக்கும் இடத்துக்கு ஏற்ப அடுத்த தாளை நீங்கள் மாற்றி ஒட்டுங்கள். ஒரு நாள் போதும், ஐந்தாறு பேர் போதும். எங்கள் மூன்றாவது திரையில் 55 அங்குலம் வேண்டும் என்று கேட்டவர்கள், அட்டையைப் பார்த்த பிறகு 43-க்கு இறங்கினார்கள். இவ்வளவு அருகில் நிற்கும் ஆளுக்குப் பெரிய திரையின் மூலைகள் கண்ணில் படுவதில்லை.

அட்டையைச் சக்கர நாற்காலி உயரத்திலும் வைத்துப் பாருங்கள். தொட வேண்டிய எதுவும் தரையிலிருந்து 1.2 மீட்டருக்கு மேலே போகக் கூடாது. மேல் பகுதியில் படம், கடிகாரம், தலைப்பு போன்ற பார்க்க மட்டுமான விஷயங்கள் இருக்கலாம். பொத்தான்கள் எல்லாம் கீழ்ப்பாதியில்.

எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறது?

பள்ளிக்கூடத்தில் வடக்கு மேலே என்று சொல்லிக்கொடுத்தார்கள். "நீங்கள் இங்கே இருக்கிறீர்கள்" என்று சொல்லும் வரைபடத்துக்கு அந்த விதி பொருந்தாது. மார்வின் லெவின் என்ற அமெரிக்க உளவியலாளர் 1982-இலேயே எழுதிவிட்டார்: பார்க்கிறவருக்கு நேர் எதிரே இருப்பது வரைபடத்தின் மேற்பக்கத்தில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஆள் தப்பான பக்கம் கிளம்பிப் போய்விடுகிறார்.

லே சலீனில் கப்பல் முனையத்தின் வாசலில் நகரத்தைப் பார்த்து நின்றால், எதிரே கிழக்கிலும் தென்கிழக்கிலும் கட்டடங்கள், அவற்றுக்குப் பின்னால் மலைகள். கட்டை விரல் போல நிமிர்ந்த 812 மீட்டர் உயர ல பூஸ் மலை அங்கேதான். திரையைப் பார்க்கிறவர் அந்தப் பக்கம் பார்க்கும்படி அது நிற்கிறது என்றால், வரைபடத்தையும் அப்படியே திருப்புங்கள். மேல் விளிம்பில் அந்த மலை வரிசையைக் கோட்டோவியமாக வரைந்துவிடுங்கள். பயணி தலையை நிமிர்த்தினால் திரையில் பார்த்த அதே உருவம் எதிரே நிற்கும். திசைகாட்டி முள்ளைவிட இது நம்பகமானது. ஆனால் ஒன்று: திரையை வேறு இடத்துக்கு நகர்த்தினால் வரைபடத்தையும் திருப்ப வேண்டும். திருப்பும் கோணத்தை நிரலில் புதைத்து வைக்காமல், அமைப்புகளில் ஒரே எண்ணாக வையுங்கள்.

அடுத்து வெயில். இங்கே கப்பல்கள் அதிகம் வருவது நவம்பர் முதல் ஏப்ரல் வரையிலான கோடையில். நண்பகலில் சூரியன் ஏறக்குறைய உச்சந்தலைக்கு மேல், ஒரு கூரை போதும். பிரச்சினை மாலையில்தான். மேற்கே கடல் பக்கமிருந்து வெயில் சாய்ந்து வரும், அந்த நேரத்தில்தான் பயணிகள் திரும்பி வருவார்கள். திரையின் முகம் கடல் பக்கம் இருந்து, நிழலும் இல்லாவிட்டால், மூன்று மணிக்கு மேல் அது வெறும் முகம் பார்க்கும் கண்ணாடி. கடைகளில் கிடைக்கும் சாதாரணத் திரை 300 முதல் 500 நிட் வெளிச்சம் தரும். கூரைக்கடியில் திறந்த இடத்துக்கு 1000-க்குக் குறையாமல் வாங்குங்கள். நேர் வெயிலில் 2500 வேண்டும், அது விலையும் அதிகம், சூடும் அதிகம். நல்ல வெளிச்சத் திரைக்குச் செலவழிப்பதைவிட நல்ல நிழலுக்குச் செலவழிப்பது மேல்.

யாரும் முன்கூட்டிச் சொல்லாத ஒன்று: கறுப்புக் கண்ணாடி. கப்பல் பயணிகளில் பலர் ஒளிமுனைவு (போலரைஸ்டு) கண்ணாடி போட்டிருப்பார்கள், கடலின் பளபளப்புக்கு அதுதான் நல்லது. பல எல்சிடி திரைகளை நெட்டுக்குத்தாகத் திருப்பி வைத்தால், அந்தக் கண்ணாடி வழியாக முழுக்கக் கறுப்பாகத் தெரியும். திரை அணைந்துவிட்டது என்று நினைத்துப் போய்விடுவார்கள். வாங்கும் கடைக்கே அப்படி ஒரு கண்ணாடியைக் கொண்டுபோங்கள். திரையை இரண்டு விதமாகவும் நிறுத்தச் சொல்லிப் போட்டுப் பாருங்கள். கறுத்தால் அதைச் சரிசெய்யும் படலம் ஒட்டிய திரையைக் கேளுங்கள்.

வரைபடத்திலிருந்து எடுத்தெறிய வேண்டியவை

அடிப்படைத் தரவுக்கு ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் போதும். 2004-இல் தொடங்கிய, உலகமே சேர்ந்து வரையும் வரைபடம் அது. இலவசம், ஆனால் பங்களிப்பாளர்களின் பெயரைத் திரையில் ஒரு மூலையில் குறிப்பிட வேண்டும் என்பது உரிமத்தின் நிபந்தனை. கியூஜிஐஎஸ் மென்பொருளில் தரவைத் திறந்து, தேவையான பகுதியை வெட்டி எடுத்துக்கொள்ளலாம். திரையில் காட்ட லீஃப்லெட் அல்லது மேப்லிப்ரே என்ற நிரல் நூலகம். எதுவானாலும் தரவு அந்தப் பெட்டிக்குள்ளேயே இருக்கட்டும். இணையம் போனாலும் வரைபடம் ஓட வேண்டும்.

தரவை அப்படியே நம்பாதீர்கள். முனையத்திலிருந்து கோடான் கடலோரக் கடைகள், அங்கிருந்து நெடுஞ்சாலைக்கு அடியில் போகும் சுரங்க நடைபாதை, அதைத் தாண்டிப் பனை மர வரிசையுள்ள பிளாஸ் தார்ம் சதுக்கம், சந்தை, ஆப்ரவாசி காட் வரை நீங்களே நடங்கள். நேரத்தைக் குறியுங்கள், பிறகு எழுபது வயது ஆளோடு ஒருமுறை நடந்து அந்த நேரத்தைக் குறியுங்கள். திரையில் போட வேண்டியது இரண்டாவது எண். படி எத்தனை, சாய்தளம் எங்கே, நிழல் எந்தப் பக்கம் என்பதையும் எழுதுங்கள். ஞாயிற்றுக்கிழமை கடைகள் எப்போது சாத்துகின்றன என்பதை ஞாயிற்றுக்கிழமை போய்த்தான் பார்க்க வேண்டும்.

பிறகு வெட்டத் தொடங்குங்கள். மூன்றே அளவுகள் போதும்: முனையத்தைச் சுற்றி நடக்கும் தூரம், தலைநகரம், முழுத் தீவு. தீவே 65 கிலோமீட்டருக்கு 45 கிலோமீட்டர்தான். விரலால் விரித்துக்கொண்டே போனால் யாரோ ஒருவர் வீட்டுக் கூரையில் போய் நிற்பார்கள், திரும்பும் வழி தெரியாது. சந்துப் பெயர்கள், பள்ளிகள், வங்கித் தலைமையகங்கள் எல்லாம் போகட்டும். குறிகள் ஒரு டஜனைத் தாண்ட வேண்டாம்.

ஆப்ரவாசி காட்டை மட்டும் நான் எந்த அளவிலும் எடுக்க மாட்டேன். 1834-இலிருந்து ஏறத்தாழ ஐந்து லட்சம் ஒப்பந்தக் கூலிகள் வந்திறங்கிய கதை அந்தத் துறைக்குரியது, 2006-இல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. என் பாட்டனின் பாட்டனும் கப்பலில் வந்தவர்தான், உல்லாசத்துக்கு இல்லை. இது வடிவமைப்புக் காரணம் கிடையாது, ஒப்புக்கொள்கிறேன். மெட்ரோ நிலையமும் வடக்கே போகும் பேருந்துகளும் அங்கேயே இருப்பது எனக்குச் சாதகமாகிவிட்டது.

மொழிகளை எந்த வரிசையில் வைப்பது?

மொழி வரிசையைச் சாதாரணமாக நினைக்காதீர்கள், எங்கள் ஊரில் அதற்காகப் பணத்தாளே மாறியிருக்கிறது. மொரீஷியஸ் ரூபாய்த் தாளில் ஆங்கிலத்துக்கு அடுத்து தமிழ், பிறகு இந்தி என்பது பழைய வழக்கம். 1998-இல் வந்த புதிய தாள்களில் தமிழ் மூன்றாவதாகப் போனது. தமிழர்கள் கொதித்தெழுந்தார்கள். தாள்கள் திரும்பப் பெறப்பட்டு, 1999-இல் பழைய வரிசையோடு மறுபடி வெளிவந்தன. அப்போது நான் சிறுவன். அப்பா பழைய நோட்டையும் புதிய நோட்டையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எனக்குக் காட்டினார்.

ஆகவே திரையில் வரிசைக்கு ஒரு விதியை வைத்துக்கொள்ளுங்கள், கேட்டால் சொல்லும்படி இருக்கட்டும். எங்கள் விதி: அன்றைக்கு நிற்கும் கப்பலின் பயணிகளில் அதிகம் பேர் பேசும் மொழி முதலில். ஜெர்மன் கப்பல் நின்றால் ஜெர்மன், இத்தாலியக் கப்பல் என்றால் இத்தாலியம். தீவின் மொழிகள் தனி வரிசையில், பணத்தாளின் ஒழுங்கில்.

கொடிப் படங்களை மொழிக்கு அடையாளமாகப் போடாதீர்கள். பிரெஞ்சுக்குப் பிரான்ஸ் கொடியைப் போட்டால் பெல்ஜியக்காரர் முகம் சுளிப்பார். தமிழுக்கு எந்த நாட்டுக் கொடியைப் போடுவீர்கள்? இந்தியா, இலங்கை, சிங்கப்பூர், மலேசியா என்று பஞ்சாயத்துதான் நடக்கும். ஒவ்வொரு மொழியின் பெயரையும் அந்த மொழியின் எழுத்திலேயே எழுதிவிடுங்கள். மொழி மாற்றும் பொத்தான் எல்லாப் பக்கத்திலும் ஒரே மூலையில் இருக்க வேண்டும், தப்பாகத் தொட்டவர் திரும்ப அதுதான் வழி.

தமிழ் எழுத்து உடையாமல்

வரைபட நிரல் நூலகங்கள் சில, வேகத்துக்காக ஒவ்வொரு எழுத்துக்குறியையும் தனித்தனியாக வரையும். ஆங்கிலத்துக்கு அது போதும். தமிழில் 'கொ' என்பதில் கொம்பு முன்னாலும் கால் பின்னாலும் வர வேண்டும். தனித்தனியாக வரைந்தால் 'க' முதலில் வந்து, கொம்பு அதற்குப் பின்னால் புள்ளி வட்டத்தோடு தொங்கும். கணினித் திரையில் மற்ற இடத்திலெல்லாம் சரியாகத் தெரியும், வரைபடத்துக்குள் மட்டும் உடையும். அதனால் கடைசி வரை கண்ணில் படாமல் போகலாம். "கொ, கோ, கௌ, ஸ்ரீ, போர்ட்" என்று ஒரு சோதனை வரியை முதல் நாளே வரைபடத்தில் போட்டுப் பாருங்கள். உடைந்தால் இடப்பெயர்களை மட்டும் எச்டிஎம்எல் துண்டுகளாக வரைபடத்தின் மேல் மிதக்க விடுங்கள். உலாவி அவற்றைச் சரியாகக் கோக்கும். அதுவும் சிக்கல் என்றால், மூன்றே அளவுகள்தானே, பெயர்களோடு சேர்த்துப் படமாகவே தயாரித்துவிடலாம்.

எழுத்துருவுக்கு நோட்டோ சான்ஸ் தமிழ், முக்த மலர் இரண்டும் தூரத்திலிருந்து தெளிவாகத் தெரிகின்றன. தமிழ்ச் சொல் அகலம் பிடிக்கும். ஜெர்மன் சொல்லும் அப்படியே. பொத்தானின் அகலத்தை இந்த இரண்டு மொழிகளை வைத்து முடிவு செய்தால் மற்ற மொழிகள் தானாக அடங்கும். வரி இடைவெளியைக் கொஞ்சம் தாராளமாக விடுங்கள், இல்லாவிட்டால் மேல் வரி 'கு'வின் சுழியும் கீழ் வரி 'கி'யின் வளைவும் முட்டிக்கொள்ளும்.

இடப்பெயர்களை ஒலிக்கு ஏற்பத் தமிழில் எழுதி, பக்கத்திலேயே தெருப்பலகையில் இருக்கும் எழுத்திலும் போடுங்கள். "பாம்ப்ளமூஸ்" என்று மட்டும் படித்துவிட்டுப் போகிறவர் பேருந்தின் நெற்றியில் அதைத் தேட முடியாது.

ஈர விரல்

பயணியின் கையில் வெயில் களிம்பு இருக்கும், வியர்வை இருக்கும், மறு கையில் தேங்காயோ தொப்பியோ இருக்கும். கைபேசிக்கான பொத்தான் அளவு 9 மில்லிமீட்டர் என்பார்கள். நின்றுகொண்டு தொடும் திரைக்கு 20 மில்லிமீட்டர் வையுங்கள், இடைவெளியும் விடுங்கள். ஒரே தொடுகையில் எல்லாம் நடக்க வேண்டும். இரட்டைத் தட்டல், நீண்ட அழுத்தல் போன்றவை வேண்டாம். விரித்துப் பெரிதாக்கத் தெரியாதவர்களுக்குக் கூட்டல், கழித்தல் பொத்தான்களும் இருக்கட்டும். கைபேசி போன்ற மின்தேக்குத் தொடுதிரையில் மழைத்துளி விழுந்தால் அதுவே தொட்டது போல ஆகும் என்பதால், சாரல் படும் இடத்தில் நிறுத்தாதீர்கள்.

ஒருவர் பாதியில் விட்டுப் போனால் திரை முகப்புக்குத் திரும்ப வேண்டும். ஒரு நிமிடம் யாரும் தொடாவிட்டால் "இன்னும் இருக்கிறீர்களா?" என்று கேட்டு, 20 நொடி காத்திருந்து, பிறகு திரும்பட்டும். கேட்காமல் திரும்பினால், மெதுவாகப் படிக்கும் முதியவர் கண் முன்னால் பக்கம் பறந்துவிடும்.

கையோடு கொடுத்து அனுப்புங்கள்

திரையை விட்டு நகர்ந்த மறுநிமிடம் பாதி மறந்துபோகும். கியூஆர் குறி போடுவது எல்லாருக்கும் தெரியும். தெரிய வேண்டியது வேறு. ரெயூனியன் பிரான்சின் பகுதி, ஆகவே ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் வரும். ஜெர்மன் பயணியின் கைபேசி இணையம் அங்கே வீட்டில் இருப்பது போல வேலை செய்யும். அதே ஆள் மறுநாள் மொரீஷியஸில் இறங்கினால் அந்தச் சலுகை கிடையாது. கட்டணத்துக்குப் பயந்து இணையத்தை அணைத்து வைத்திருப்பார். அதனால் இங்கே அந்தக் குறி, முனையத்தின் வைஃபையிலேயே சில நொடியில் இறங்கிவிடும் ஒரே ஒரு படத்தைத் திறக்க வேண்டும்: போகும் வழி, திரும்பும் வழி, கடைசி நேரம், அவசர எண். ஊடாடும் பக்கம் எதுவும் வேண்டாம். கைபேசி இல்லாதவர்களுக்குப் பேருந்துச் சீட்டு அளவில் அச்சடித்துத் தரும் சிறிய பொறி வைத்தால் இன்னும் நல்லது. காகிதம் தீர்ந்தால் யார் மாற்றுவது என்பதை மட்டும் முன்பே பேசி முடித்துவிடுங்கள்.

பெட்டிக்குள்ளே

இது சலிப்பான பகுதி, சுருக்கிவிடுகிறேன். உலாவியைக் கியோஸ்க் முறையில் ஓட விடுங்கள், முகவரிப் பட்டை தெரியக் கூடாது. அதிகாலையில் கணினி தானாக அணைந்து மறுபடி இயங்கட்டும். உறைந்தால் தானாக எழுப்பும் காவல் நிரல் இருக்கட்டும். உப்புக்காற்று இரும்பைத் தின்னும், திருகாணிகள் துருப்பிடிக்காத எஃகில் இருக்கட்டும். கேமரா வைத்து ஆட்களை எண்ண வேண்டாம். எங்கே தொட்டார்கள் என்று மட்டும் பதிந்தால் போதும், 2017-இன் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்காது.

புயலுக்கு ஒரு பக்கம் தயாராக இருக்க வேண்டும். இங்கே எச்சரிக்கை நான்கு வகுப்புகளாக வரும். வகுப்பு ஏறும்போது எல்லா இடங்களும் "இன்று வேண்டாம்" என்று மாறி, கப்பலுக்குத் திரும்பும் வழி மட்டும் தெரிய வேண்டும். பொறுப்பாளர் ஒரே பொத்தானில் அதைச் செய்ய முடிய வேண்டும். அந்த நேரத்தில் உங்களை ரோஸ் ஹில்லிலிருந்து வரச் சொன்னால் நீங்கள் வர மாட்டீர்கள்.

முதல் கப்பல் நாள்

திரைக்குப் பத்தடி தள்ளி நில்லுங்கள். கையில் நோட்டு. யாருக்கும் உதவாதீர்கள், அது கஷ்டம்தான். முதல் விரல் எங்கே போகிறது என்று மட்டும் எழுதுங்கள்.

நாங்கள் நின்ற அன்று முதலில் வந்தது ஒரு ஜெர்மன் தம்பதி. கணவர் கண்ணாடியைக் கழற்றி, கழுத்தில் தொங்கவிட்டு, திரை முழுக்க ஒருமுறை பார்த்தார். நாங்கள் பாடுபட்டு வரைந்த பொத்தான்கள் ஒன்றையும் தொடவில்லை. "நீங்கள் இங்கே" என்ற சிவப்புப் புள்ளியைத் தொட்டார். ஒன்றும் நடக்கவில்லை, ஏனென்றால் அது வெறும் படம். இன்னும் அழுத்தித் தொட்டார். மனைவி அவர் தோளுக்கு மேலே கையை நீட்டி அதே புள்ளியைத் தொட்டார். பிறகு இருவரும் காவலாளியிடம் போனார்கள். அன்று மாலைக்குள் என் நோட்டில் அந்தப் புள்ளிக்கு நேரே முப்பதுக்கு மேல் கோடுகள்.

இரவோடு இரவாக அதைப் பொத்தானாக்கினோம். இப்போது அதைத் தொட்டால் வரைபடம் மங்கி, நடுவில் கப்பலின் படமும், அதற்குத் திரும்பும் வழியும், இன்னும் எவ்வளவு நேரம் இருக்கிறது என்ற எண்ணும் பெரிதாக வரும்.